வெட்டாக் கணங்கள்

வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய வீராசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் மகள் மரியம்மாள் கணக்கில் தப்புப் பண்ண மாட்டாள் என்பது மட்டும் தெரியும். காலனியில் மாதா கோயிலுக்குக் கூரை போட்டபோது, ஓடு வேய வந்தவர் ஆயிரத்து இருநூறு ஓடு வேண்டும் என்றார். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மரியம்மாள் கூரைச் சட்டங்களை நிமிர்ந்து பார்த்து விரல்விட்டு எண்ணினாள். "ஒரு பக்கம் இருபத்திநாலு வரிசை, வரிசைக்கு இருபது. ரெண்டு பக்கத்துக்கும் தொள்ளாயிரத்து அறுபது. ஒடையறதுக்கு நாப்பது வச்சிக்கினா ஆயிரம் போதும்" என்றாள். வேலை முடிந்தபோது ஏழு ஓடு மீந்திருந்தது. அன்றிலிருந்து ஆலையில் யார் எந்தக் கணக்கைப் பேசினாலும் வீராசாமி, "எம் பொண்ணாண்ட கேளுப்பா" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

அந்தக் காலனியில் பள்ளி இறுதி வகுப்பில் தேறிய முதல் பெண் அவள்தான். அதற்கு மேல் என்ன படிக்கலாம் என்று யோசித்துப் பார்க்க அந்த வீட்டில் வசதி இல்லை. இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்தால் ஆசிரியை வேலை கிடைக்கும். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள். 1970-இல் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, அதன் விடுதியிலேயே தங்கினாள்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களை இந்த நாடு எப்படித் தயாரித்தது என்பதை யாராவது ஒரு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். படிக்க அவமானமாக இருக்கும். இருந்தாலும் எழுத வேண்டும். பாடக் குறிப்பேட்டில் ஓரக்கோடு சிவப்பு மையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கரும்பலகையை மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கே அது தெரியாது. எதையும் ஏன் என்று கேட்காத ஒருத்தியைத் தயாரித்து, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தார்கள்.

கணித ஆசிரியர் கலியாணசுந்தரம் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் இழிவாகப் பேச மாட்டார். நோட்ஸ் சொல்வார், பெண்கள் எழுதிக்கொள்வார்கள். பின்னங்களின் வகுத்தல் வந்த அன்று மரியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏன் சார் தலைகீழா போடணும்?"

"போட்டா விடை வருதும்மா. உக்காரு."

அன்று மாலை விடுதியில் அடுத்த பாய்க்காரி மணியம்மாளும் அதையே கேட்டாள். உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவள்; வாயாடி. மரியம்மாள் அவளை விடுதிச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனாள். அரிசி அளக்கும் அரைப்படியையும் ஆழாக்கையும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"அரைய எட்டுல ஒண்ணால வகுன்னா இன்னா அர்த்தம்? இந்த அரைப்படியில எத்தினி ஆழாக்கு இருக்குதுன்னு கேக்கறாங்க. அவ்ளோதான். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப்படிக்கு?"

"நாலு."

"அரைய எட்டால பெருக்கினியா இல்லியா இப்ப?"

மணியம்மாள் ஆழாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடிப்பாவி. இத்த தெரியாமயா நான் பதினோரு வருசம் பெருக்கிக்கினு இருந்தேன்?" என்றாள். சமையல்கார அம்மா இருவரையும் வெளியே விரட்டினார்.

அந்த ஆண்டுகளில்தான் புதுக் கணிதம் என்று ஒன்று பாடத்திட்டத்துக்குள் வந்தது. கலியாணசுந்தரம் கோடை விடுமுறையில் பத்து நாள் வகுப்புக்குப் போய்வந்து கணங்களைப் பற்றி நோட்ஸ் சொன்னார். "கணம் என்பது நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு" என்று ஆரம்பித்ததும், "கயிலாசநாதர் கோயில் சுவத்துல குண்டுகுண்டா இருக்குதே, அந்தப் பூத கணமா சார்?" என்றாள் மணியம்மாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, ஓர் எடுத்துக்காட்டு சொன்னார்: காஞ்சிபுரத்தில் உள்ள கோயில்களின் கணம்.

மரியம்மாள் எழுந்தாள். "நன்கு வரையறுக்கப்பட்டதுன்னா இன்னா சார்?"

"ஒரு பொருள் அந்தக் கணத்துக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கான்னு யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது."

"அப்ப கோயில் கணம் ஆகாது சார். போன வாரம் ரேடியோ கடைப் பக்கத்துல ஒரு பிள்ளையார் முளைச்சாரே, அவரு உள்ளயா வெளியயா?"

"உங்க மாதா கோயிலையும் சேர்த்துக்கோ. உக்காரும்மா" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆனால் அந்த எடுத்துக்காட்டை அவர் அடித்துவிட்டு, ஆங்கில உயிரெழுத்துகளின் கணம் என்று மாற்றிச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டின் முடிவில், 1972 பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு வந்தது. ஊருக்குள் நெசவாளர் தெரு ஒன்றின் ஆரம்பப் பள்ளியில், தேர்வாளர்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒரு பாடம் நடத்த வேண்டும். மற்ற தேர்வுகளில் எவ்வளவு வாங்கினாலும் இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கிடையாது. மரியம்மாளுக்கு வந்த பாடம் நான்காம் வகுப்புக்குக் கணங்கள்.

அன்று காலை அந்தத் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பட்டு நூல் இழுத்துக் கட்டி, பெரியவர்கள் இரண்டு பக்கமும் நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பஞ்சாட்சரம் சாக்கடைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. செருப்பில் சேறோடும் முகத்தில் எரிச்சலோடும் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் உள்தேர்வாளராகக் கலியாணசுந்தரம். வாசலில் பள்ளித் தலைமையாசிரியர்.

மரியம்மாள் கரும்பலகைக்குப் போகவில்லை. சுண்ணக்கட்டியால் தரையில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இரண்டு பெரிய வட்டங்கள் போட்டாள். சிவப்பு ரிப்பன் கட்டியவர்கள் ஒரு வட்டத்தில், கண்ணாடி வளையல் போட்டவர்கள் இன்னொன்றில். இரண்டும் உள்ளவர்கள் எங்கே நிற்பது என்று குழந்தைகளே தள்ளிக்கொண்டு சண்டை போட்டு, கடைசியில் நடுவில் இடம் கண்டுபிடித்தார்கள். "அதுக்குப் பேருதான் வெட்டு" என்றாள். நோட்ஸில் விளங்காத சொல் ஒன்று குழந்தைகளின் காலடியில் கிடந்தது. பஞ்சாட்சரம் எரிச்சலை மறந்து முன்னால் சாய்ந்தார். கலியாணசுந்தரம் எதையோ குறித்துக்கொண்டார்.

"இப்ப நீங்களே ஒரு கணம் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் மரியம்மாள்.

"வீட்ல தறி இருக்கிறவங்க!" என்றான் ஒருவன். பாதி வகுப்பு வட்டத்துக்குள் ஓடியது. ஒரு பெண் மட்டும் கோட்டின் மேல் நின்றாள்.

"இன்னாமா, ஏன் அங்கயே நிக்கற?"

"எங்க வீட்ல தறி இருக்குது டீச்சர். ஆனா அது எங்களுது இல்ல. மொதலாளியுது."

"பாத்தீங்களா? அவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சி. அப்ப நாம சரியா சொல்லல. சந்தேகமே வராத மாதிரி யாரு ஒண்ணு சொல்றீங்க?"

முதல் வரிசையில் இருந்த காந்தா கையைத் தூக்கினாள். ஒன்பது வயது, நெசவாளர் வீட்டுப் பெண், தலைமுடியில் பட்டு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. "டம்ளர்ல தண்ணி குடிக்கிறவங்க" என்றாள்.

அந்தப் பள்ளியின் வாசலில் ஓர் அண்டா இருந்தது. அதன் மூடியில் சங்கிலி போட்டு ஒரு அலுமினியத் தம்ளரைக் கட்டியிருந்தார்கள். காந்தாவும் அவள் தெருப் பிள்ளைகளும் தாங்களே மொண்டு குடிப்பார்கள். காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்குக் கீழே நின்று குனிந்து கையேந்துவார்கள். வகுப்புத் தலைவன் உயரத்திலிருந்து ஊற்றுவான். யாரும் விதி என்று எழுதி ஒட்டவில்லை. சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லிப் பதினாறு பதினேழு வருடம் ஆகியிருந்தது. அண்டாவுக்குச் சட்டம் தெரியாது.

காந்தா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சந்தேகமே வராத ஒன்றைக் கேட்டார்கள், சொன்னாள். மரியம்மாள் வாயைத் திறப்பதற்குள் இருபத்தாறு பேர் ஒரு வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். தறிக்கு ஓடியபோது இருந்த தள்ளுமுள்ளு இப்போது இல்லை. கோட்டின் மேல் ஒருவரும் நிற்கவில்லை. பதினோரு பேர் வெளியே நின்றார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண், "நாங்க கையில குடிக்கிறவங்க டீச்சர். நாங்களும் ஒரு கணந்தானே?" என்றாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், மற்ற வட்டத்துக்குள் போய் நின்றாள். பத்துப் பேர் பின்னால் போனார்கள். விளையாட்டுதானே, அவர்களுக்கும் ஒரு வட்டம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தில் யாரும் இல்லை.

அங்கேயே அவள் பேச்சை மாற்றியிருக்கலாம். பழங்கள், பூக்கள் என்று பாடக் குறிப்பில் எழுதித் தயாராக இருந்தன. ஆனால் அவள் கேட்டதை விடக் கச்சிதமாகக் குழந்தைகள் கொடுத்திருந்தார்கள். மொண்டு குடித்தறியாத ஒருத்தியால் அதை எப்படித் தப்பு என்று சொல்ல முடியும்?

"ரெண்டுலயும் இருக்கிறவங்க யாராவது உண்டா?"

"இல்ல டீச்சர்."

"யாருக்காவது சந்தேகம்?"

"இல்ல டீச்சர்!" என்று முப்பத்தேழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் கரும்பலகைக்குப் போய் இரண்டு வட்டங்களைத் தனித்தனியாக வரைந்தாள். கீழே எழுதினாள்: வெட்டாக் கணங்கள். வெட்டு, வெற்றுக் கணம். உறுப்பே இல்லாத கணம்.

"போதும்மா" என்று எழுந்தார் பஞ்சாட்சரம்.

தலைமையாசிரியர் அறையில் அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். "பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு வழக்கம் கிடையாது. சட்டப்படி இருக்கவே முடியாது. இல்லாத ஒண்ணை எடுத்துக்காட்டாக் காட்டினது கணிதப் பிழை" என்றார்.

"அப்ப அங்க நின்னாங்களே சார், பதினோரு பேரு?"

"சட்டப்படி அது வெற்றுக் கணம்" என்றார் அவர். தலைமையாசிரியர் சிரித்தார். மரியம்மாளுக்கு அது கணிதம் தெரிந்தவர் ஒருவரின் வாயிலிருந்து வந்தது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மதிப்பெண் தாளில் பஞ்சாட்சரம், 'எடுத்துக்காட்டு கணித முறைப்படி பிழையானது' என்று எழுதினார். அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டு இரண்டு வரி கொடுத்தால் நாற்பது போடுவார்; அது தேறுவதற்குப் போதும். கொடுக்காவிட்டால் தேறவில்லை. மூன்று நாள் அந்த ஊரில் இருப்பார், அதற்குள் வேண்டும். கீழே உள்தேர்வாளரும் கையெழுத்திட வேண்டும். கலியாணசுந்தரம் பேனாவை வாங்கினார், போட்டார்.

வெளியே வந்ததும் மரியம்மாள் அவரை நிறுத்தினாள். "நீங்க சொல்லுங்க சார். தப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புன்னு நான் சொல்லலம்மா. தப்புன்னு எழுதிக் குடுன்னு சொல்றேன்."

"ஒழுங்கில்லாம நடந்துக்கிட்டேன்னு எழுதித் தரேன் சார். பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கலன்னு எழுதித் தரேன். இன்னா வேணா எழுதறேன். கணக்கு தப்புன்னு எழுத மாட்டேன்."

"ஒழுங்கீனம்னு எழுதினா, என்ன ஒழுங்கீனம்னு மேல கேப்பாங்க. அதைக் காகிதத்துல எழுத முடியுமா? கணக்குத் தப்புன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது அனுபவம். இந்த நாட்டில் எந்த அநியாயத்தையும் அதன் பெயர் சொல்லிப் பதிவு செய்வதில்லை. வேறு ஏதாவது ஒரு துறையின் பிழையாக எழுதி மூடுவார்கள். அன்று கணிதத்தின் முறை.

முதல் நாள் அவள் எழுதவில்லை. இரண்டாம் நாள் மணியம்மாள் காகிதத்தையும் பேனாவையும் பாயில் கொண்டுவந்து வைத்து, "ரெண்டு வரிதாண்டி. உம் பேர்ல வேணா நான் எழுதறேன்" என்று அழுதாள். அன்றும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை வீராசாமி வந்தார். கலியாணசுந்தரம்தான் நடந்ததையெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆலையிலிருந்து நேராக பஸ் ஏறியிருந்தார். தலையிலும் புருவத்திலும் தவிடு. பயிற்சிப் பள்ளியின் கேட்டுக்கு உள்ளே வராமல், துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். கலியாணசுந்தரம் வெளியே போனார். மரியம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா பேசுவது கேட்டது.

"கணக்கத் தப்பா போட்டுடுச்சாமே சார் எம் பொண்ணு. கொழந்த, தெரியாம போட்டுடுச்சி. மன்னிச்சிடுங்க சார்."

கலியாணசுந்தரம் தலை குனிந்தார். உள்ளே திரும்பிவிட்டார்.

மரியம்மாள் கேட்டுக்கு ஓடினாள். "நைனா, கணக்கு சரிதான் நைனா. நான் தப்பா போடல."

"எனக்குத் தெரியாதாமா?" என்றார் வீராசாமி. துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருசமா கையிலதானே குடிச்சிக்கினு இருக்கேன். அது சரியான கணக்குதான். நீ தப்புன்னு எழுதிக் குடு."

அவள் எழுதினாள். கேட்டுக்கு வெளியிலேயே, அவர் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினாள். மூட்டை சுமந்து மேடு தட்டிப்போன முதுகு, எழுத்துகள் கோணிக்கொண்டன. 'நான் கூறிய எடுத்துக்காட்டு கணித முறைப்படி பிழையானது என்பதை உணர்கிறேன்.' எழுதி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.

நாற்பது மதிப்பெண் கிடைத்தது. அடுத்த வருடம் வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் வேலையும் கிடைத்தது. தங்கைகள் படித்தார்கள். வீராசாமி 1975 மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் இறந்தார். மூட்டையோடு விழுந்தார் என்று ஆலையில் சொன்னார்கள்.

மரியம்மாள் டீச்சரைப் பற்றி அந்தக் கிராமத்தில் யாருக்கும் குறை இல்லை. நேரத்துக்கு வருவார். வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். பள்ளித் தண்ணீரைத் தொடமாட்டார், அதனால் யாருக்கும் சங்கடம் இல்லை. வாய்ப்பாடு சொல்லவைப்பார். பாடநூலில் உள்ள கணக்குகளைப் பாடநூலில் உள்ள வரிசையில் போடுவார். கணங்கள் வந்தால் பூக்களின் கணம், பழங்களின் கணம். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், 'வம்பு தும்பு இல்லாத ஆசிரியை' என்று வாயாரப் பாராட்டிவிட்டுப் போனார். தரையில் வட்டம் போட்டு அவர் பாடம் நடத்தி அங்கே யாரும் பார்த்ததில்லை. படியையும் ஆழாக்கையும் கொண்டுவந்ததில்லை. ஒரு நல்ல ஆசிரியையை அழிக்க வேலையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. வேலையில் வைத்திருந்தாலே போதும்.

1976-இல் அதே பயிற்சிப் பள்ளியிலிருந்து பொன்னியம்மாள் என்ற பெண் கற்பித்தல் பயிற்சிக்கு அந்தக் கிராமத்துக்கு வந்தாள். ஒரு மாதம் மரியம்மாளின் வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். மரியம்மாள் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். முதல் நாள் அவளுடைய நோட்டைப் புரட்டியபோது, கணங்கள் என்ற தலைப்புக்குக் கீழே, அடிக்கோடிட்டு ஒரு வரி இருந்தது. 'எடுத்துக்காட்டுகளை ஆசிரியரே முன்கூட்டித் தேர்ந்து தர வேண்டும். மாணவரிடம் கேட்டுப் பெறலாகாது.'

"இது யாரு சொன்னது?"

"கலியாணசுந்தரம் சார்தான் டீச்சர். எல்லா பேட்ச்சுக்கும் சொல்வாரு. இத்த மட்டும் ரெண்டு வாட்டி சொல்லி அடிக்கோடு போடச் சொல்வாரு."

"ஏன்னு கேட்டியா?"

"இல்லியே டீச்சர். எழுதிக்கினோம்."

வருடத்துக்கு நாற்பது பெண்கள். நாலு வருடம். ஒவ்வொருத்தியும் போய் நிற்கும் வகுப்பில் நாற்பது குழந்தைகள். மரியம்மாளுக்கு அந்தப் பெருக்கல் மனத்திலேயே வந்திருக்கும். அவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

பொன்னியம்மாள் கரும்பலகையில் மல்லிகை, முல்லை, சாமந்தி என்று எழுதி அடைப்புக்குறி போட்டாள். பாதியில், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது. "டீச்சர், நான் ஒரு கணம் சொல்லட்டா?"

பொன்னியம்மாள் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி மரியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "கேக்கலாமா டீச்சர்?"

மரியம்மாள் அந்தக் குழந்தையைப் பார்த்தார். சொல்லத் தயாராக வாயைத் திறந்தபடி நின்றது.

"நோட்டுல எப்படி எழுதியிருக்குதோ அப்படியே நடத்தும்மா" என்றார்.

குழந்தை உட்கார்ந்துகொண்டது. மரியம்மாள் பார்வைக் குறிப்பேட்டில், அன்றைய தேதிக்கு நேரே, 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.